அடுப்படிப் பாட்டுக்கு எதற்கு இத்தனை எக்கோ?

இணையத்தில் 'செல்டிக் பக்திப் பாடல்கள்' என்று தேடிப் பாருங்கள். வரிசையாக வந்து விழும். அட்டைப் படம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பனிமூட்டம், பச்சை மலை, கூரை போன ஒரு பழைய தேவாலயம், முடிந்தால் ஒரு மெழுகுவர்த்தி. பாட்டைத் தட்டினால் முதலில் சிந்தசைசர் 'ம்ம்ம்' என்று இழுக்கும். பிறகு ஹார்ப் சொட்டும். அதற்குப் பிறகுதான் ஒரு பெண் குரல், குகைக்குள் நின்று பாடுவது போல வரும். ஒரு சொல் முடிவதற்குள் அதன் எக்கோ மூன்று சுற்று சுற்றி வந்து அடுத்த சொல்லை விழுங்கியிருக்கும். தூங்கப் போகும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும்போது ஓடவிட்டாலும் தொந்தரவு செய்யாது.

பிரச்சினையே அதுதான். இவற்றில் பல, தொந்தரவு செய்வதற்காகவே பிறந்த பாட்டுகள்.

அயர்லாந்தின் நாட்டார் பக்திப் பாடல்கள் தேவாலயத்தில் பிறந்தவை அல்ல. அடுப்படியில், தொட்டில் பக்கத்தில், பிணத்தின் தலைமாட்டில் பிறந்தவை. பாடியவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவற்றைத் தேவாலய எக்கோவுக்குள் கொண்டுபோய் வைக்கிற ஒலிப்பதிவு, கடிதத்தைத் தப்பான முகவரியில் சேர்த்துவிடுகிறது. 'அட, எக்கோ கூடினால் குறைந்தால் என்ன' என்று கேட்கலாம். அயர்லாந்தில் கடந்த முப்பது வருடங்களில் நடந்ததைப் பார்த்தால், இது வெறும் சவுண்டு இஞ்சினியர் விவகாரம் இல்லை என்பது புரியும்.

'பாட்டி காலத்துப் பாட்டு' எந்த ஊர்ப் பாட்டு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வயதான ஐரிஷ் கத்தோலிக்கர் ஒருவரிடம் 'உங்கள் ஊர்ப் பழைய பக்திப் பாட்டு ஒன்று சொல்லுங்கள்' என்றால், 'ஃபெய்த் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' என்று பதில் வர வாய்ப்பு அதிகம். 'நம் தந்தையரின் விசுவாசம்' என்று அர்த்தம். ஒரு காலத்தில் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முன்னால் மைதானமே எழுந்து நின்று பாடிய பாட்டு.

எழுதியவர் ஃபிரடெரிக் ஃபேபர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் குருவாக இருந்து 1845-ல் கத்தோலிக்கராக மாறியவர். பாட்டு வெளிவந்தது 1849-ல். அதே தலைமுறையின் இன்னொரு பெரிய பாட்டான 'ஹெயில் குவீன் ஆஃப் ஹெவன்' ஜான் லிங்கார்ட் என்ற இன்னொரு ஆங்கிலேயப் பாதிரியார் எழுதியது. அதாவது ஐரிஷ் அடையாளம் என்று நெஞ்சு நிமிர்த்திப் பாடியதில் ஒரு பங்கு, விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் இறக்குமதி!

இது எப்படி நடந்தது? 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். அடி அதிகமாக விழுந்தது மேற்குப் பக்கத்து ஏழைகள் மேல். அவர்கள்தான் ஐரிஷ் மொழி பேசியவர்கள். அடுப்படிப் பாட்டெல்லாம் அந்த மொழியில்தான் இருந்தது.

பஞ்சத்தின் நடுவிலேயே, 1850-ல், ரோமிலிருந்து பால் கல்லன் என்ற பேராயர் வந்து சேர்ந்தார். பிறகு அயர்லாந்தின் முதல் கர்தினாலும் ஆனார். 1850-ல் தர்ல்ஸ் நகரில் ஆயர்கள் கூடினார்கள். அதுவரை வீடுகளில் நடந்துவந்த ஞானஸ்நானம், திருமணம், பாவசங்கீர்த்தனம் எல்லாம் இனிமேல் தேவாலயத்துக்குள் நடக்க வேண்டும் என்பது அங்கே எடுத்த தீர்மானங்களில் முக்கியமானது. பக்தி வீட்டை விட்டுக் கிளம்பிக் கட்டடத்துக்குள் போனது. கட்டடத்துக்குப் புதுப் பாட்டு தேவைப்பட்டது. அச்சில் தயாராக இருந்தது ஆங்கிலப் பாட்டு. வரலாற்றாசிரியர் எம்மட் லார்க்கின் 1972-ல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்துக்கு 'பக்திப் புரட்சி' என்று பெயர் வைத்தார். புரட்சி என்றால் யாராவது தோற்றிருக்க வேண்டுமே! தோற்றது அடுப்படி.

கட்டடத்துக்கு வெளியே என்ன இருந்தது?

நிறையவே இருந்தது. இரவில் அடுப்புத் தணலைச் சாம்பல் போட்டு மூடும்போது சொல்ல ஒரு பாட்டு. அதில் பிரிஜிட் அன்னையும் மரியன்னையும் வீட்டுக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்பார்கள். படுக்கப் போகும்போது ஒன்று, எழுந்திருக்கும்போது ஒன்று. டீர்மிட் ஓ லீரா என்ற சேசு சபைக் குரு இப்படிப்பட்ட வாய்மொழிச் செபங்கள் 500-க்கும் மேல் திரட்டி 1975-ல் புத்தகமாகப் போட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 'மூன்று மரியாக்களின் ஒப்பாரி'. சிலுவையில் மகன் தொங்குகிறான். தாய் தேடிக்கொண்டு வருகிறாள். வழியில் சீடரைக் கண்டு விசாரிக்கிறாள். அடையாளம் தெரியாதபடி உருக்குலைந்து கிடப்பவன் தன் பிள்ளைதானா என்று கேட்கிறாள். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் 'ஒக்கோன்' என்ற அழுகைச் சொல் திரும்பத் திரும்ப வரும். ஐரிஷில் 'ஐயோ'வுக்குச் சமமான சொல் அது. ஒருத்தி பாட, சுற்றி இருப்பவர்கள் அந்த அழுகையில் சேர்ந்துகொள்வார்கள். தவக்காலத்தில், முக்கியமாகப் பெரிய வெள்ளியன்று பாடுவது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யோவான் நற்செய்தியில் மரியா சிலுவையடியில் 'நின்றுகொண்டிருந்தார்' என்று மட்டும்தான் இருக்கிறது. அழுததாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் இந்தப் பாட்டின் மரியா நிற்கவில்லை. ஓடுகிறார், கேட்கிறார், அரற்றுகிறார். ஐரிஷ் கிராமத்தில் சாவு விழுந்த வீட்டு ஒப்பாரிக்காரி என்ன செய்வாளோ அதை அப்படியே செய்கிறார்.

அந்த ஊரில் ஒப்பாரி பெரிய கலை. பிணத்தைப் பார்த்து நேருக்கு நேர் பேசுவது, புகழ்வது, திட்டுவது, பழி கேட்பது எல்லாம் உண்டு. 1773-ல் சுட்டுக் கொல்லப்பட்ட தன் கணவன் ஆர்ட் ஓ லீரிக்காக எய்லீன் டுவ் பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரி இன்றைக்கும் ஐரிஷ் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று. ஆனால் திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆயர் கூட்டங்கள் ஒப்பாரியைத் தடை செய்து தடை செய்து அலுத்துப்போயின. காரணம், நம்பிக்கை உள்ளவர்கள் இப்படி அழக்கூடாதாம். கூலிக்கு அழுவது அதைவிட மோசமாம்.

பெண்கள் என்ன செய்தார்கள்? ஆஞ்சலா பர்க் என்ற ஆய்வாளர் (அப்போது ஆஞ்சலா பார்ட்ரிட்ஜ்) 1983-ல் இந்த மரியா ஒப்பாரிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பாடிக் காப்பாற்றியவர்கள் பெண்கள் என்பதையும், மரியா அங்கே ஐரிஷ் ஒப்பாரிப் பெண்ணாகவே நடந்துகொள்கிறார் என்பதையும் காட்டினார். 'அழாதே' என்று சொல்கிற பாதிரியாருக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதில் இருக்க முடியுமா? ஆண்டவரின் அம்மாவே அழுதாரே, நீங்கள் யார் சாமி தடுக்க?

இந்தப் பாட்டுகள் பக்தி நிறைந்தவை, சந்தேகமே இல்லை. ஆனால் அது அனுமதி கேட்காத பக்தி.

வெளியே நின்ற கார்கள்

இவற்றை முதலில் பெரிய அளவில் திரட்டி அச்சில் ஏற்றியவர் டக்ளஸ் ஹைட். 'கானக்ட் மாகாணத்தின் பக்திப் பாடல்கள்' என்ற அவருடைய தொகுப்பு 1906-ல் வந்தது. வேடிக்கை என்னவென்றால் ஹைட் கத்தோலிக்கரே இல்லை. புராட்டஸ்டண்ட் போதகர் ஒருவரின் மகன். ஐரிஷ் மொழியின் மேல் இருந்த ஆசையில் குடிசை குடிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டவர். 1938-ல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்.

1949-ல் அவர் இறந்தபோது டப்ளினில் புராட்டஸ்டண்ட் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. கத்தோலிக்கர் அடுத்த சபையின் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். ஆகவே அரசின் கத்தோலிக்க அமைச்சர்கள், ஒருவரைத் தவிர, உள்ளே போகாமல் வெளியே கார்களில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தோலிக்க ஏழைகளின் செபங்களைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரின் சவப்பெட்டி உள்ளே. கத்தோலிக்க அமைச்சர்கள் வெளியே.

இந்தப் பாட்டுகள் யாருடைய சொத்து என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும். நிறுவனத்தின் வேலி ஒரு பக்கம் ஓடுகிறது. பாட்டு இன்னொரு பக்கம் ஓடுகிறது.

'பழையது' என்பது அளவுகோல் இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. 'அப்படியானால் பழசெல்லாம் அசல், புதுசெல்லாம் போலி' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. உலகம் முழுக்கப் பாடப்படும் 'பீ தௌ மை விஷன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருடத்து ஐரிஷ் பாட்டு என்றுதான் பேர். சொற்கள் பழைய ஐரிஷ் செபம் ஒன்றிலிருந்து வந்தவை என்பது உண்மை. மேரி பர்ன் அதை 1905-ல் ஆங்கிலத்தில் உரைநடையாக்கினார். எலினார் ஹல் 1912-ல் செய்யுளாக்கினார். மெட்டு? அது பாட்ரிக் வெஸ்டன் ஜாய்ஸ் 1909-ல் அச்சிட்ட ஒரு நாட்டுப் பாட்டின் மெட்டு. சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காதல் சமாசாரம். இரண்டுக்கும் 1919-ல் அயர்லாந்து சபையின் பாட்டுப் புத்தகத்தில் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆக, இந்த 'ஆயிரம் வருடப் பாட்டு' இன்றைய வடிவில் பாடப்பட ஆரம்பித்து நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது.

ஷான் ஓ ரியாடா கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1959-ல் 'மிஷா எய்ரா' படத்துக்கு இசையமைத்து நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர், டப்ளினை விட்டுவிட்டு கார்க் மாவட்டத்தில் ஐரிஷ் பேசும் கூலே கிராமத்துக்குக் குடிபோனார். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருப்பலியில் தாய்மொழிக்கு வழிவிட்டிருந்தது. ஓ ரியாடா அந்த ஊர் ஆண்களைக் கூட்டி ஒரு பாடகர் குழு அமைத்தார். பழைய செபங்களுக்கு அந்த ஊர்ப் பாடுமுறையின் வளைவு நெளிவுகளோடு மெட்டுப் போட்டார். 1971-ல் நாற்பது வயதில் போய்விட்டார். குழுவை மகன் பெடர் ஏற்றுக்கொண்டார். இன்று ஐரிஷ் திருமணங்களிலும் சாவுகளிலும் ஒலிக்கும் 'எக் க்ரீஸ்த் அன் ஷீல்' அவர் மெட்டமைத்ததுதான். பாதிப் பேர் அதை ஏதோ துறவி காலத்து மெட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். தப்பில்லை. ஒரு ஊர் தன் குரலில் பாடியது, மற்ற ஊர்கள் வாங்கிக்கொண்டன. நாட்டார் பாட்டு பிறப்பதே அப்படித்தான்.

எனவே கேட்க வேண்டியது 'எத்தனை வருடம் பழசு' என்பதல்ல. சொல் காதில் விழுகிறதா? யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரிகிறதா? கேட்பவர் கூடச் சேர்ந்துகொள்ள இடம் இருக்கிறதா? இந்த மூன்றும்தான்.

நாலு பதிவுகள்

இந்த மூன்று கேள்விகளோடு சில ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஜோ ஹீனி. கால்வே மாவட்டத்துக் கார்னாவில் 1919-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் கட்டட வேலை செய்தவர். 1966-ல் அமெரிக்கா போய், நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாயிற்காப்பாளராக வேலை பார்த்தவர். வருகிறவர் போகிறவருக்குக் கதவு திறந்துவிட்ட அந்த மனிதருக்கு 1982-ல் அமெரிக்க அரசு நாட்டார் கலைகளுக்கான தேசிய விருது கொடுத்தது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு 1984-ல் இறந்தார்.

அவர் பாடியது 'ஷான் நோஸ்' முறையில். 'பழைய பாணி' என்று பொருள். வாத்தியம் கிடையாது, தாளக்கட்டு கிடையாது. சொல் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே குரல் போகும். மூன்று மரியாக்களின் ஒப்பாரியை அவர் பாடிய பதிவில் எக்கோ இல்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது. முதல் தடவை கேட்பவர்களுக்கு 'என்ன இவர், அழகாகவே பாடவில்லையே' என்று தோன்றலாம். இரண்டாம் தடவை, ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து சாவுச் செய்தி சொல்வது போல இருக்கும்.

அடுத்து நோரின் நீ ரியன். லிமெரிக் மாவட்டத்துக் க்ளென்ஸ்டல் ஆசீர்வாதப்பர் மடத்துத் துறவிகளோடு சேர்ந்து 1980 வாக்கில் 'கன்னி மரியாவின் ஒப்பாரி' என்ற தலைப்பில் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தார். கட்டுரையின் தலைப்பைப் பார்த்துவிட்டு இதற்குத்தான் அடி விழப் போகிறது என்று எதிர்பார்த்தீர்களா? இல்லை :-) இங்கே மடமும் உண்டு, துறவிகளும் உண்டு. ஆனால் முன்னால் நிற்பது பெண் குரல். ஆண்கள் பின்னால் நின்று பதில் சொல்கிறார்கள். இத்தனை நூற்றாண்டு ஒப்பாரியைத் தடுத்த திருச்சபையின் ஒரு மடத்திலேயே ஒரு பெண் ஒப்பாரி பாட, துறவிகள் கூட இசைக்கிறார்கள். எக்கோ கொஞ்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, இர்லா ஓ லினார்ட். அதே கூலே ஊர்க்காரர், ஓ ரியாடாவின் குழுவில் சிறுவனாகப் பாடி வளர்ந்தவர். 1997-ல் 'கருணையின் ஏழு படிகள்' என்ற தொகுப்பில் ஷான் நோஸ் பாடலைச் சுற்றி மின்னணு ஒலிகளை அடுக்கினார். குரல் அசல். ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இதன் வெற்றிக்குப் பின்னால் எத்தனையோ பேர் மின்னணு மூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குரலை விட்டுவிட்டார்கள். முதலில் சொன்ன பனிமூட்ட அட்டைகளில் பல அந்த வகைப் பிள்ளைகள். தகப்பனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகுப்பைக் கேட்டுவிட்டு ஹீனியைக் கேட்டால், எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

நாலாவது, வெக்ஸ்போர்ட் கிறிஸ்துமஸ் பாடல்கள். இவை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. 1684-ல் ஆயர் லூக் வாடிங் வெளியிட்ட சின்னப் புத்தகத்திலிருந்தும் 1728-ல் வில்லியம் டெவரோ என்ற குரு எழுதிச் சேர்த்ததிலிருந்தும் வந்தவை. கில்மோர் என்ற ஊரில் இன்றும் ஆறு ஆண்கள், மும்மூன்று பேராகப் பிரிந்து, சரணம் மாற்றிச் சரணம் பாடுகிறார்கள். (தேவாலயத்துக்குள்தான் பாடுகிறார்கள், வாத்தியம் இல்லாமல். அடுப்படி வாதத்துக்கு இது ஒரு விதிவிலக்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பாட்டு ஊர்க்காரர்களின் கையில் இருக்கிறது.) 2014-ல் கேட்ரியோனா ஓ லீரி இந்தப் பாடல்களை டாம் ஜோன்ஸ், ரோசான் காஷ், ரியான் கிடன்ஸ் ஆகியோரோடு பதிவு செய்தார். வேல்ஸ் பாப் நட்சத்திரமும் அமெரிக்கப் பாடகிகளும் ஐரிஷ் பாட்டா என்று முகம் சுளிக்கலாம். கேட்டால் சுளிப்பு போய்விடும். சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கிறது. வந்தவர்கள் விருந்தாளிகளாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

1996: இரண்டு செய்திகள்

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வரலாம். எக்கோ ஏன் வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை?

1996-ல் அயர்லாந்தில் 'ஃபெய்த் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு வந்தது. பெரிய இசைக்குழு, பெரிய கோரஸ், பழைய தேவாலயப் பாட்டுகள். விற்பனையில் சக்கைப்போடு போட்டது. பாட்டியோடு கோயிலுக்குப் போன ஞாபகம் வந்து பலர் கண் கலங்கினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதே 1996-ல் இன்னொன்றும் நடந்தது. டப்ளினில் கடைசி மகதலேனா சலவைக்கூடம் மூடப்பட்டது. கன்னியர் மடங்கள் நடத்திய இந்த இடங்களில், 'ஒழுங்கு தவறியவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் பூட்டி வைக்கப்பட்டு, கூலியில்லாமல் துணி வெளுத்தார்கள். 2013-ல்தான் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இடையில் 2009-ல் வந்த ரயன் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டது.

அந்தக் கூடங்களிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு 'நம் தந்தையரின் விசுவாசம்' கோரஸோடு ஒலிக்கும்போது எப்படி இருக்கும்? மற்றவர்களுக்கு அது பாட்டி வீட்டு வாசம். அவருக்கு அது பூட்டு சத்தம்.

1961-ல் மக்கள்தொகையில் ஏறக்குறைய 95 சதவீதம் கத்தோலிக்கர். 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம். கோபத்தோடு போனவர்கள் உண்டு, சத்தமில்லாமல் நழுவியவர்களும் உண்டு. போனவர்கள் பாட்டையும் கோயிலிலேயே வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

கட்டடப் பாட்டை வேண்டுமானால் வைத்துவிட்டுப் போகட்டும். அடுப்படிப் பாட்டை ஏன் விட வேண்டும்? அதைக் கட்டடம் கொடுக்கவில்லை. கட்டடம் அதை ஓரங்கட்டியது. அந்தப் பாட்டின் நடுவில் இருப்பது ஆயரும் அல்ல, தந்தையரும் அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அதிகாரத்தின் முகத்துக்கு நேரே அழுகிறாள்.

ஜோ ஹீனியின் அதே கால்வே மாவட்டத்தில்தான் டூவம் நகரமும் இருக்கிறது. அங்கே கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லத்தில் 1925-லிருந்து 1961 வரை 796 குழந்தைகள் இறந்ததை, உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேதரின் கோர்லெஸ் ஒவ்வொரு இறப்புச் சான்றாகத் தேடி எடுத்தார். புதைத்ததற்குப் பதிவு இல்லை. 2014-ல் இது உலகச் செய்தி ஆனது. 2017-ல் விசாரணை ஆணையம் அங்கே மண்ணுக்கடியில் குழந்தைகளின் எச்சங்கள் இருப்பதை உறுதி செய்தது. 2025-ல்தான் முறையான அகழ்வு தொடங்கியது.

இதைத் தெரிந்துகொண்டு மூன்று மரியாக்களின் ஒப்பாரியை மறுபடி கேளுங்கள். தன் பிள்ளை எங்கே என்று வழியில் போகிறவரையெல்லாம் கேட்டு அலையும் தாயின் பாட்டு அது. அதை மெத்தென்ற தியான இசையாக மாற்றி, சொற்கள் கரைந்துபோகும்படி செய்து, 'மன அமைதிக்கு' என்று பெயர் போட்டு விற்பதில் ஏதோ ஒரு அநியாயம் இருக்கிறதா இல்லையா?

எதிர்க்கட்சி வாதங்கள்

'ஒலிப்பதிவே இல்லாவிட்டால் பாட்டு செத்திருக்குமே?' உண்மைதான். 1935-லிருந்து 1970 வரை இயங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்திருக்காவிட்டால் பாதி போயிருக்கும். குறை பதிவின் மேல் இல்லை. பதிவுக்குப் பிறகு மேலே பூசுகிற பூச்சின் மேல்.

'ஐரிஷ் மொழி தெரியாதவர்களுக்குச் சொல் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?' தெரியாதவர்களுக்குத்தான் அதிகம் தேவை. மொழிபெயர்ப்பை ஒரு ஓரத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம். இந்தப் பாட்டை எந்த ஊரில், யாரிடமிருந்து கற்றது என்று ஒரு வரி போடலாம். 'பாரம்பரியம்' என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை பாட்டிகளின் பெயர் காணாமல் போயிருக்கிறது!

'பழைய பாட்டுகள் எல்லாம் அப்படி ஒன்றும் குற்றமற்றவையா?' இல்லவே இல்லை. ஐரோப்பா முழுக்கப் பாடுகளின் பாட்டுகளில் யூதர்கள் மேல் பழி போடும் பழக்கம் உண்டு. ஐரிஷ் பாட்டுகளும் அதிலிருந்து தப்பவில்லை. அதையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், மறுபடி அதேதான்: சொல் காதில் விழ வேண்டும். மூட்டம் நல்லதை மட்டுமா மறைக்கிறது?

கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. ஹீனியின் பாடல்களும் பேட்டிகளும் இணையத்தில் ஆவணமாகவே கிடைக்கின்றன. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நாலு பேர் இருக்கும் அறையில் போட்டுக் கேளுங்கள். ஷான் நோஸ் பாடும்போது பக்கத்தில் இருப்பவர் பாடுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வது அங்கே பழக்கம். மெதுவாக அந்தக் கையைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள், 'நீ பாடு, நான் இருக்கிறேன்' என்பது போல.

எந்த எக்கோவும் அந்தக் கைக்கு ஈடில்லை.